புகை போகாத குழாய்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம், ரேடியேட்டருக்கு மின்விசிறி போடலாம், சீட்டுக்கு வேறு உறை தைக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். சைலன்சரில் கை வைத்தால் மட்டும் பஞ்சாயத்து கூடிவிடும். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு பப் வாசலில் பழைய வண்டிக்காரர்கள் கூடுவது வழக்கம். அப்படி ஒரு கூட்டத்தில் என் 1971 எம்ஜிபி ஜிடியை, அதாவது கூரை மூடிய எம்ஜி ஸ்போர்ட்ஸ் காரை, நிறுத்தியிருந்தேன். வாழ்நாளில் பாதியை எம்ஜி வண்டிகளுக்கு அடியில் படுத்தே கழித்த ஒரு பெரியவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெயின்ட் நன்றாக இருக்கிறது என்றார், கம்பிச் சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார். நான் ஸ்டார்ட் செய்து காட்டியதும், "எல்லாம் சரி, சத்தம்தான் எம்ஜி சத்தமாக இல்லை" என்று சொல்லிவிட்டுத் தன் பியர் கிளாஸோடு நகர்ந்துவிட்டார்.

அந்தச் சைலன்சர் நான் போட்டதுகூட இல்லை. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் வாங்கி மாட்டியது. இரண்டு அங்குல ஸ்டெயின்லெஸ் குழாய், "ஸ்போர்ட்ஸ்" என்று பெயர் போட்டு விற்கிற ரெடிமேட் செட். எனவே கோபப்பட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எம்ஜி சத்தம் என்று அவர் சொன்னாரே, அது எங்கே இருக்கிறது? தொழிற்சாலையில் மாட்டி அனுப்பிய குழாயிலா? அப்படியென்றால் அது இன்று உலகத்தில் கிட்டத்தட்ட எங்குமே இல்லை. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபி வண்டிகள் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வெளியே போயின. அவற்றோடு போன சைலன்சர்களில் பெரும்பாலானவை முதல் உரிமையாளர் காலத்திலேயே துருப்பிடித்து உதிர்ந்திருக்கும்.

இது மிகைப்படுத்தல் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் அதிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜின் சூடாக இருந்தால் ஆவியாகவே வெளியே போய்விடும். கடைக்குப் போய் ரொட்டியும் பாலும் வாங்கிக்கொண்டு திரும்புகிற தூரத்துக்கு வண்டியை எடுத்தால், கடைசிப் பெட்டி சூடாவதற்குள் வீடு வந்துவிடும். தண்ணீர் அங்கேயே தேங்கும். எரிந்த வாயுவில் உள்ள அமிலமும் அதோடு சேரும். இரும்புத் தகடு உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பார்க்க வழுவழுவென்று இருக்கும் பெட்டியை ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அந்தப் பக்கம் வந்துவிடும். அந்தக் காலத்தில் சைலன்சர் என்பது டயருக்கும் பிரேக் ஷூவுக்கும் அடுத்தபடி மாற்றவேண்டிய தேய்மானச் சாமான், அவ்வளவுதான். அதன் பிறகு மாட்டப்பட்டதெல்லாம் எவரெவரோ தம் இஷ்டத்துக்குத் தகடு அளவும் உள்ளமைப்பும் வைத்துச் செய்தது. அந்தப் பெரியவருடைய வண்டியின் பின்னாலும் குனிந்து பார்த்தேன். பளபளவென்று ஸ்டெயின்லெஸ்தான்.

ஆக, ஒரிஜினல் என்ற வாதம் மற்ற எந்தப் பாகத்துக்குப் பொருந்தினாலும் சைலன்சருக்குப் பொருந்தாது என்பது என் முடிவு. ஆனால் அவர் சொன்னது தவறு என்று அதை வைத்துச் சொல்லிவிடவும் முடியவில்லை. ஏனென்றால் என் வண்டியின் சத்தம் எனக்கே பிடிக்கவில்லை. ஊருக்குள் ஓட்டும்போது சுகமாக இருக்கும். ஏ34 நெடுஞ்சாலையில் ஏறி மூன்றாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டினால் காதுக்குள் ஒரு ஊளை தொடங்கும். பின்பக்கக் கண்ணாடி அதிரும், முன்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரி மங்கலாகத் தெரியும். பர்மிங்ஹாம் போய்த் திரும்பினால் மாலை முழுவதும் தலைவலி. மனைவி இரண்டாம் முறை அந்த வண்டியில் வர மறுத்துவிட்டாள். "பஸ்ஸிலேயே வர்றேன், நீங்க வாங்க" என்று சொன்னது வேடிக்கைக்காக அல்ல.

அம்பாசடரின் பங்காளி

சைலன்சரைப் பற்றிப் பேசுவதற்கு முன் இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். எம்ஜிபியில் இருப்பது பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த பி-சீரிஸ் இன்ஜின், 1798 சிசி. அதே குடும்பத்தின் 1489 சிசி இன்ஜின்தான் 1955-ல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் இருந்தது. நம் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியதும் அதே 1489. அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் பிறந்தது ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய கவ்லியில். எம்ஜி பிறந்த ஆபிங்டன் அங்கிருந்து பத்து கிலோமீட்டர் சுமார். ஒன்று வங்காளத்து உத்தரபாராவுக்குப் போய் 2014 வரை உற்பத்தியானது. இன்னொன்று அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போய் 1980-ல் தொழிற்சாலையோடு சேர்ந்து நின்றது.

திருநெல்வேலியில் என் சித்தப்பா ஜங்ஷன் ஸ்டாண்டில் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். வண்டியை வாங்கிய புதிதில் வீடியோ காலில் பானட்டைத் திறந்து காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "ஏல, இது நம்ம அம்பாசடரு எஞ்சின்லா? இதுக்கா லண்டன் வரைக்கும் போன?" என்றார். "ஆமா சித்தப்பா, கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்" என்றேன். "ரெண்டு கார்புரேட்டர் வச்சிருக்கான். சரி, கீழ காட்டு. எக்ஸாஸ்ட்டு மூணு ஓட்டைதானே? நடு ஓட்டைக்கிட்டதான் கேஸ்கட்டு முதல்ல போவும், பாத்துக்கோ" என்றார். நான் இருக்கிற இடம் லண்டன் இல்லை என்று அவரிடம் சொல்லிப் பயன் இல்லை.

அந்த மூன்று ஓட்டைதான் விஷயம். நாலு சிலிண்டருக்கு நாலு எக்ஸாஸ்ட் வழி இருக்கவேண்டும் அல்லவா? பி-சீரிஸ் ஹெட்டில், அதாவது சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகத்தில், மூன்றுதான் இருக்கின்றன. ஒன்றாம் சிலிண்டருக்கும் நாலாம் சிலிண்டருக்கும் தனித்தனி வழி. நடுவில் உள்ள இரண்டும் மூன்றும் ஒரே வாயில் ஊதுகின்றன. உள்ளே போகும் வழிகள் இரண்டே இரண்டு; அவையும் பங்குதான். இன்ஜின் வெடிக்கும் வரிசை 1-3-4-2. ஆகவே நடு வாயில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு வந்துகொண்டே இருக்கும். ஓரத்து வாய்கள் இரண்டும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பேசும். இவை வெவ்வேறு நீளமுள்ள வழிகளில் வந்து கீழே ஒன்றுசேரும்போது ஒரே சீராக வராது. எம்ஜிபியின் கரகரத்த குரலுக்கு இந்த ஏற்றத்தாழ்வு ஒரு முக்கியமான காரணம். அதே ஹெட் அமைப்போடு அம்பாசடர் ஏன் அப்படிக் கத்துவதில்லை என்றால், அதற்கு ஒரே கார்புரேட்டர், வால்வுகளைச் சாதுவாகத் திறக்கும் கேம், குறைந்த கம்ப்ரஷன், கனமான சைலன்சர். சித்தப்பாவின் டாக்சியில் ஒருமுறை சைலன்சர் நடுவில் ஓட்டை விழுந்து, டின் தகட்டைச் சுற்றிக் கட்டுக்கம்பியால் முறுக்கிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து ஊர் திரும்பினோம். அன்றைக்கு வந்த சத்தம் கிட்டத்தட்ட எம்ஜி சத்தம்தான். எனக்கு அப்போது தெரியாது.

ஒடுக்கிக்கொண்டு வந்த குழாய்

ஆபிங்டனுக்குத் தெற்கே ஒரு பண்ணைக் கொட்டகையில் ஸ்டெயின்லெஸ் சைலன்சர் அளவெடுத்துச் செய்து தருகிறவர் ஒருவர் இருக்கிறார். நான் போகும்போதே கையில் பட்டியலோடு போனேன்: ஹெட்டின் மூன்று வாயிலிருந்தும் புகையைச் சேர்த்துக் கீழே இறக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைத் தூக்கிவிட்டுக் குழாய் மேனிஃபோல்ட் போடவேண்டும், அதிலும் நடுக்கிளை நீளமான வகை, இரண்டு அங்குலக் குழாய், தடையில்லாமல் நேராகப் போகிற சைலன்சர் இரண்டு. அவர் பட்டியலைப் படித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார். "ரேஸுக்குப் போகிறீர்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்படியானால் மேனிஃபோல்ட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்."

அவர் சொன்ன காரணங்கள் நியாயமானவை. நடுக்கிளை நீளமான மேனிஃபோல்டில் ஓரத்துக் குழாய்கள் இரண்டும் முதலில் சேர்ந்துகொள்ளும். நடுக்குழாய் தனியாக நெடுந்தூரம் வந்து கீழே சேரும். மூன்று வாய் ஹெட்டுக்கு அது பொருத்தமான ஏற்பாடுதான். மினியில் இருக்கிற ஏ-சீரிஸ் முதல் பி-சீரிஸ் வரை ரேஸ்காரர்கள் பலரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எம்ஜிபியின் வார்ப்பு மேனிஃபோல்ட் அந்தக் காலத்து வார்ப்புகளில் நல்ல வடிவமைப்பு கொண்டது. இரண்டு வாயாகக் கீழே இறங்கி, டவுன் பைப்பிலும் இரண்டாகவே வந்து, பிறகுதான் ஒன்றாகிறது. கேமும் ஹெட்டும் மாற்றாத இன்ஜினில் அதைக் கழற்றிப் போடுவதால் கிடைக்கிற குதிரைசக்தி விரல்விட்டு எண்ணும் அளவுதான். பதிலுக்குத் தொல்லைகள் ஏராளம். இந்த இன்ஜினில் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். எஸ்யூ கம்பெனியின் கார்புரேட்டர்கள் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. மெல்லிய குழாய் வீசும் சூட்டில் பெட்ரோல் கொதித்து, வெயில் நாளில் சிக்னலில் நின்றால் இன்ஜின் திக்கும். போதாக்குறைக்கு இரண்டு மேனிஃபோல்டையும் ஒரே ஸ்டட்டுகளும் (தலையில்லாத போல்ட்டுகள்) தடித்த வாஷர்களும் பங்குபோட்டு அழுத்துகின்றன. புதிய குழாயைப் பூட்டும் ஃபிளேஞ்ச் தட்டின் தடிமன் பழைய இன்டேக்கோடு மயிரிழை மாறினாலும் ஒன்று இறுகும், மற்றது ஒழுகும். சித்தப்பா சொன்ன கேஸ்கட் கதை.

குழாய் அளவைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். இருந்த இரண்டு அங்குலத்திலிருந்து தொழிற்சாலை அளவான ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு இறங்கச் சொன்னார். பெரிய குழாய் என்றால் பெரிய சக்தி என்று நம்புகிற கூட்டம் ஒன்று; இன்ஜினுக்குப் பின்னழுத்தம் தேவை, அது இல்லாவிட்டால் இழுவை போய்விடும் என்று சாதிக்கிற கூட்டம் மற்றொன்று. இரண்டும் பாதிதான் சரி. எந்த இன்ஜினும் பின்னழுத்தத்தைக் கேட்பதில்லை. ஆனால் வாயு வேகமாக ஓடினால் முன்னே போகிற வெடிப்பு பின்னே வருகிறதை இழுத்துக்கொண்டு போகும். குழாயை அகலமாக்கினால் அந்த வேகம் குறையும். தொண்ணூறு சொச்சம் குதிரைசக்தி இன்ஜினுக்கு ஒன்றே முக்கால் தாராளம். குழாய் ஒல்லியாக இருந்தால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே கால் அங்குலம் மிச்சமாகும் என்பது கூடுதல் லாபம். கிராமத்து வேகத்தடைகளில் அடிவாங்கியவர்களுக்கு அந்தக் கால் அங்குலத்தின் அருமை தெரியும்.

பழையதைக் கழற்றுவதற்கே பாதி நாள் போய்விட்டது. மேனிஃபோல்டும் டவுன் பைப்பும் சேருமிடத்தில் வாய்க்கு மூன்றாக ஆறு ஸ்டட்டுகள். அவற்றில் பித்தளை நட்டுகள். பித்தளை ஏன் என்றால், சூட்டில் இரும்போடு இரும்பு ஒட்டிப்பிடித்துக்கொள்ளும்; பித்தளை பிடிக்காது, வேறு வழியே இல்லாவிட்டால் தானே கிழிந்து ஸ்டட்டைக் காப்பாற்றும். எனக்கு முன்பிருந்தவர் அவற்றில் இரண்டை மாற்றி இரும்பு நட்டு போட்டிருந்தார். பட்டறைக்காரர் ஸ்பேனரை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார், நகரவில்லை. விசையைக் கூட்டவில்லை. கேஸ் விளக்கை எடுத்து நட்டை மட்டும் செந்நிறமாக்கினார், மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை அதன் ஓரத்தில் வைத்துத் தேய்த்தார். மெழுகு உருகி இழைகளுக்குள் இழுபட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. ஒரு நிமிடம் ஆறவிட்டார். பிறகு இறுக்குகிற திசையில் நூலளவு, கழற்றுகிற திசையில் நூலளவு, மறுபடி இறுக்குகிற திசையில் என்று ஆட்டியே கழற்றிவிட்டார். இதே வேலையை அவசரக்காரர் ஒருவர் செய்திருந்தால் ஸ்டட் உடைந்து, மேனிஃபோல்டையே இறக்கித் துளைபோட வேண்டியிருக்கும்.

வண்டியை ஏற்றியது நாலு தூண் லிஃப்டில், சக்கரங்கள் பலகைமேல் நிற்கும்படி. இரண்டு தூண் லிஃப்டில் தூக்கினால் பின் ஆக்ஸில் தொங்கிவிடும். அந்த நிலையில் தெரிகிற இடைவெளி பொய் என்றார். குழாயை மாண்ட்ரெல் பெண்டரில் வளைத்தார். உள்ளே தாங்குகட்டை வைத்து வளைப்பதால் திருப்பங்களில் குழாய் நசுங்காது. அங்கங்கே பொட்டு வெல்டிங் வைத்து மாட்டிவிட்டு, என்னை உட்காரவைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்து, முதல் கியரில் கிளட்ச்சை லேசாக விடவேண்டும், பிறகு ரிவர்ஸில். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும்போது குழாய் எங்கே போகிறது என்று கீழிருந்து சாக்பீஸால் குறித்துக்கொண்டார். சூட்டில் நீளும் அளவையும் விட்டுவைத்தார். ஸ்டெயின்லெஸ் சாதா இரும்பைவிட அதிகம் விரியும். மூன்று மீட்டர் குழாய் இருநூறு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளும். அதற்கு இடம் கொடுக்காமல் கடினமாகப் பூட்டினால் ஏதாவது ஒரு வெல்டிங் என்றைக்காவது விரிசல் விடும்.

வெல்டிங் நம் ஊரில் ஆர்கான் வெல்டிங் என்கிறோமே, அதுதான். குழாயின் இரண்டு முனையையும் அடைத்து உள்ளேயும் ஆர்கானை நிரப்பிவிட்டுத்தான் பற்றவைத்தார். உள்ளே காற்று இருந்தால் வெல்டிங்கின் அடிப்பக்கம் கரிந்து சொரசொரப்பாகும். வெளியே அழகாக இருக்கும், உள்ளே பலமிருக்காது. முன்பிருந்த ரெடிமேட் செட்டை வெட்டிக் காட்டினார். உள்ளே முழுக்கக் கறுத்துப் பொருக்குத்தட்டியிருந்தது.

ஏ34-ல் ஓர் ஒற்றை ஸ்வரம்

புதுக் குழாய், புது சைலன்சர்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று; இரண்டுமே துளைபோட்ட நேர்க்குழாயைச் சுற்றிப் பஞ்சடைத்த வகை. வெளியே நின்று கேட்டால் அற்புதமாக இருந்தது. வெட்டுகிற மாதிரி இருந்த பழைய தகரச் சத்தம் போய், அடித்தொண்டையிலிருந்து வரும் கரகரப்பு மட்டும் மிஞ்சியது. பட்டறைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஏ34-ல் ஏறினேன். ஓவர்டிரைவை, அதாவது அதே வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கிற கூடுதல் கியரை, சுவிட்சால் போட்டு மணிக்கு எழுபது மைல் தொட்டதும் அதே ஊளை. அதே கண்ணாடி அதிர்வு. கொடுத்த பணம் மொத்தமும் அந்த ஓசையில் கரைந்துபோவதாக எனக்குத் தோன்றியது.

அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளங்கையை மேற்கூரைத் துணியில் வைத்தார், பிறகு பின்பக்கம் சாய்ந்து டெயில்கேட் கண்ணாடியில் வைத்தார். "வேகத்தை மாற்றாதீர்கள். ஓவர்டிரைவை மட்டும் எடுங்கள்" என்றார். எடுத்தேன். அதே எழுபது மைல். இன்ஜின் 3,200-லிருந்து 3,900-க்குத் தாவியது. மொத்தச் சத்தம் கூடியது, ஆனால் ஊளை அப்படியே அறுந்து விழுந்தது. "மறுபடி போடுங்கள்." போட்டேன். திரும்பி வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் வருகிறது, எடுத்தால் போகிறது. அத்தனை மாதங்கள் அந்த வண்டியை ஓட்டியிருக்கிறேன், சத்தம் அதிகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பிரச்சினை சத்தத்தின் அளவில் இல்லை. ஒரே ஒரு ஸ்வரத்தில் இருக்கிறது.

கணக்கு மிக எளிது. நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டுமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 3,200 சுற்று என்றால் நொடிக்கு ஏறக்குறைய 107 வெடிப்பு. அவர் செல்போனில் சத்தத்தைக் கோடாகக் காட்டும் ஓர் இலவசச் செயலி வைத்திருந்தார். 107-ல் ஒரு கோடு மற்ற எல்லாவற்றுக்கும் மேலே ஓங்கி நின்றது. எம்ஜிபிக்குத் தனிச் சேஸி கிடையாது, உடலே சேஸி. ஜிடி என்பது அதற்கு மேல் ஒரு மூடிய தகரப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் இருக்கிற காற்று சிலிர்த்துக்கொள்ளும் ஸ்வரம் அதே இடத்தில் இருக்கிறது. இதே சைலன்சரைத் திறந்த ரோட்ஸ்டரில் மாட்டினால் சத்தம் வானத்துக்குப் போய்விடும், யாரும் புகார் சொல்லமாட்டார்கள். ரெடிமேட் செட்காரர்கள் இரண்டுக்கும் ஒரே பெட்டியைத்தான் விற்கிறார்கள். பஞ்சடைத்த சைலன்சர் கிரீச்சென்ற உயர்ந்த ஓசைகளை உறிஞ்சுவதில் கெட்டி. இவ்வளவு தாழ்ந்த ஸ்வரத்துக்கு அது கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். இன்னும் இரண்டு மாட்டினாலும் அந்த ஊளை போகாது.

எனக்கு அந்த இடத்தில் பெரியவர் சொன்னது வேறுவிதமாக விளங்கியது. எம்ஜி சத்தம் அந்த மூன்று வாய் ஹெட்டில் இருக்கிறது. குழாய் எதுவானாலும், அமுக்கிக் கொன்றுவிடாமலும் வேறு ஓசையில் மூழ்கடித்துவிடாமலும் இருந்தால் அது தானாகவே வந்துவிடும். இந்த ஊளையோ இன்ஜினுடையதே அல்ல, கேபினுடையது. ஐம்பது வருஷத்துக்கு முன் யாரும் ஆபிங்டனில் உட்கார்ந்து இதைத் திட்டமிடவில்லை. இதைக் களைவதில் எந்த ஒரிஜினலும் கெடப்போவதில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் அவர் செய்தது, முதலில் பார்க்கும்போது அர்த்தமே இல்லாத வேலை. மிச்சமிருந்த குழாயில் ஒரு துண்டை வெட்டி ஒரு முனையை மூடினார். மறுமுனையை முன் சைலன்சருக்குப் பின்னால், பிரதான குழாயின் பக்கவாட்டில் துளைபோட்டு இணைத்தார். முட்டுச்சந்து. புகை அதற்குள் போய் வெளியேற வழியே கிடையாது. ஆனால் ஓசை போகும். கிணற்றுக்குள் கூப்பிட்டால் அடியில் மோதித் திரும்பி வருகிற குரலைப்போல, மூடிய முனையில் மோதித் திரும்பும். குழாயின் நீளம் அந்த ஸ்வரத்தின் அலைநீளத்தில் சரியாகக் கால் பங்கு இருந்தால், போய்த் திரும்புவதற்குள் அரை அலை தாமதமாகிவிடும். பிரதான குழாயில் மேடு வருகிற நேரத்தில் இது பள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஓசையின் வேகம் சாதாரணக் காற்றில் நொடிக்கு 340 மீட்டர் சொச்சம். சூடான வாயுவில் அதிகம். அந்தக் கிளைக்குழாயில் 420 என்று வைத்துக்கொண்டார். 107-ஆல் வகுத்து, நாலால் வகுத்தால் ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் குறைவு.

ஆனால் கணக்கை அவர் முழுக்க நம்பவில்லை. ஒன்றுக்குள் ஒன்று நழுவுகிற மாதிரி இரண்டு குழாய்களை வைத்துக் கிளாம்ப் போட்டு, நீட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் வாயு நன்றாகச் சூடாகும்வரை ஓட்டவேண்டும். குளிர்ந்த குழாயில் ஓசையின் வேகமே வேறு. சாலையோர நிறுத்தத்தில் படுத்து, தடித்த கையுறையோடு கிளாம்ப்பைத் தளர்த்தி ஓர் அங்குலம் உள்ளே தள்ளி மறுபடி ஏறுவோம். சில ஓட்டங்களில் ஊளை 2,900-க்கு நகர்ந்தது, சிலவற்றில் 3,400-க்கு. ஒரு நீளத்தில், 3,200-ஐக் கடக்கும்போது எதுவும் நடக்கவில்லை. நான் மீட்டரைப் பார்த்தேன், ஏற்கனவே கடந்துவிட்டிருந்தேன். பின்பக்கக் கண்ணாடி அசையவில்லை. இத்தனை நாள் அந்த ஊளைக்குக் கீழே புதைந்திருந்த ஓசைகள் எல்லாம் கேட்க ஆரம்பித்தன: கியர்பாக்ஸின் மெல்லிய முனகல், கதவு ரப்பரில் சீழ்க்கையடிக்கிற காற்று, டாஷ்போர்டுக்குள் எங்கோ தளர்ந்த ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூவை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அதன் பிறகுதான் கிளைக்குழாயை வளைத்து, பிரதான குழாயை ஒட்டியே மடக்கி, நிரந்தரமாகப் பற்றவைத்தார். அடியில் பார்த்தால் ஜே வடிவத்தில் முடிந்துபோகிற ஒரு குழாய். பார்க்கிறவர்கள் எல்லாம் "இது எதற்கு, இதை எங்கே இணைக்க மறந்துவிட்டார்கள்?" என்று கேட்கிறார்கள்.

சில்லறை விஷயங்கள்

வால்குழாயை பம்பரைத் தாண்டி வெளியே நீட்டச் சொல்லியிருந்தேன், அழகுக்காக அல்ல. ஜிடி ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறையும். டெயில்கேட் ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் புகையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனை தெரியாது. பழைய வண்டியில் போனால் தூக்கம் வருகிறது, தலை கனக்கிறது என்று சொல்கிறவர்கள் முதலில் ரப்பரையும் மேனிஃபோல்ட் கேஸ்கட்டையும் பார்க்கவேண்டும்.

டவுன் பைப்பில், பெட்ரோல்-காற்றுக் கலவையை அளக்கும் லாம்டா சென்சருக்கு ஒரு திருகுவாயும் வைத்துத் தந்தார். எக்ஸாஸ்டை மாற்றினால் கார்புரேட்டரையும் பார்த்தாகவேண்டும்; இன்ஜின் மூச்சுவிடும் விதம் மாறினால் கலவையும் மாறும். எஸ்யூவில் ஜெட்டை ஏற்றி இறக்கினால் எல்லா வேகத்துக்கும் சேர்த்தே மாறுகிறது. நடுவேகத்தில் மட்டும் மாற்றவேண்டுமானால் நீடிலையே மாற்றவேண்டும். என் வண்டி சீரான வேகத்தில் கொஞ்சம் தடித்த கலவையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கதை வேறு ஒரு பதிவுக்கு ஆகும்.

சட்டம் பற்றிச் சிலர் அசட்டுத் தைரியத்தில் இருக்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 2018 மே மாதத்திலிருந்து இங்கே எம்ஓடி என்கிற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதனால் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்று பொருள் இல்லை. சத்தம் கூடும்படி சைலன்சரை மாற்றக்கூடாது என்கிற விதி எல்லா வண்டிக்கும் உண்டு. நான் கட்டாயமில்லாவிட்டாலும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். இந்தியாவில் பறிமுதல் செய்த புல்லட் சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிற வீடியோக்களைப் பார்க்கும்போது, அந்தப் பையன்கள்மேல் எனக்குப் பரிதாபம் வருவதில்லை. தெருவுக்காகப் போட்ட சைலன்சர் அது. ஓட்டுகிறவனுக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று ஒருவராவது சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயார்.

செலவு, சந்தையில் கிடைக்கிற ரெடிமேட் செட்டின் விலைபோல இரண்டு மடங்குக்கும் மேல். சித்தப்பாவிடம் ரூபாயில் சொல்லவில்லை.

அந்த முட்டுச்சந்துக் குழாயின் நீளத்தைச் சொல்லும்படி வேறு ஜிடிக்காரர்கள் கேட்கிறார்கள். சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஆனால் அதை வைத்து வெட்டாதீர்கள். உங்கள் வண்டியில் ஓவர்டிரைவ் இல்லாமல் இருக்கலாம், சைலன்சர் வேறு இடத்தில் இருக்கலாம், பின்சீட்டு இருக்கலாம் அல்லது எடுத்திருக்கலாம். முதலில் அரைமணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஊளை எந்த ஆர்பிஎம்மில் உச்சத்துக்குப் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், முப்பதால் வகுத்தால் நொடிக்கு எத்தனை வெடிப்பு என்று வரும், அங்கிருந்து கணக்கைத் தொடங்குங்கள். வெல்டிங் கடைசியில். அதுவரைக்கும் கிளாம்ப் போதும். முதல் பத்து நிமிடம், குழாய் சூடாவதற்குள், ஊளை கொஞ்சம் எட்டிப்பார்க்கத்தான் செய்யும். அதற்கு மருந்து கிடையாது.